தட்டாலமரத்து நெழலு

கோவில்பட்டியில செக்கடித் தெருன்னு ஒரு தெரு, அந்தத் தெருவுல தங்கபுஷ்பம் வீட்டு மொட்டமாடிக் கைப்பிடிச் செவுத்து மேல ஒரு மண்தட்டு, அந்தத் தட்டுல ஒன்னேகால் அடி ஒசரத்துக்கு ஒரு ஆலமரம். மரம் ஒன்னேகால் அடிதான், ஆனா அதோட நெழலு கீழ தெருவுல முழுசா வளந்த ஆலமரத்து நெழலா விழுந்துச்சு. அப்பிடித்தான் விழுந்துச்சு. ஏன்னு கேட்டா அங்க யாருக்கும் தெரியாது, கேக்க வந்தவுகளும் பதிலுக்குக் காத்திருக்கல, ஏன்னா பங்குனி வெயில்ல கோவில்பட்டியில ஒரு நெழலக் கண்டா மொதல்ல ஓடிப்போயி உள்ள நிப்பாகளா, வெளிய நின்னு கேள்வி கேப்பாகளா?

செக்கடித் தெருன்னு பேருதான், அங்க செக்கு கெடையாது. முன்ன ஒன்னு இருந்துச்சு, அதச் சுத்துன மாடு ஒருநா சுத்துனது போதும்னு நேரா நடக்க ஆரம்பிச்சு எட்டயபுரம் வரைக்கும் போயிருச்சாம், பின்னாடியே போன எண்ணெய்க்காரரு அங்கயே ஒருத்தியப் பாத்துக் கல்யாணம் முடிச்சு அங்கயே இருந்துட்டாராம். அத விடுங்க. செக்கும் இல்ல, மாடும் இல்ல, ரோட்ட அகலப்படுத்தி சிமிட்டி போட்டதுல இருந்த ரெண்டு வேப்பமரமும் இல்ல. தெரு காலையில எட்டு மணிக்கே தோசைக்கல்லு மாதிரிக் காயும்.

நெழல மொதல்ல பாத்தது இஸ்திரி போடுற இசக்கிமுத்து. அவருக்கு மேல வெயிலு, முன்னாடி கரி அடுப்பு, கையில இஸ்திரிப் பெட்டி. ஒருநா சட்டக் காலர மடக்கிக்கிட்டு இருக்கும்போது பின்கழுத்து குளுந்துச்சு. அண்ணாந்து பாத்தாரு, வானத்துல மேகம் இல்ல. குனிஞ்சு பாத்தாரு, தரையில கெளையும் எலையுமா ஆடுது. கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சாரு, அப்புறம் வண்டிய நாலடி உள்ள தள்ளிப் போட்டுட்டு அடுத்த சட்டய எடுத்தாரு. அவ்வளவுதான்.

அதுக்குப் பெறகு நுங்கும் பதநீரும் விக்கிற பேச்சித்தாயி கூடையோட வந்தா. ஆட்டோக்காரக வந்தாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள ஏத்துற வேன் அங்க நின்னுச்சு. தெருவுல கடிகாரம் பாக்குறத விட்டுட்டாக. நெழலு எதுத்த வீட்டு மாடிய விட்டு எறங்குனா ஒம்பது, வாசப்படிய விட்டு எறங்குனா பத்து, தெருவ நெறச்சுக் கெடந்தா சோத்து நேரம், கெழக்க ஏறுனா காப்பி நேரம். கல்யாணப் பத்திரிகையில விலாசத்துக்குக் கீழ ‘தட்டாலமரத்தடி’ன்னு அச்சடிச்சாக, தபால்காரரும் அதவச்சே கொண்டுவந்து குடுத்தாரு. காக்காய்கதான் பாவம், நெழலப் பாத்துட்டு அடைய வந்து, கெளையத் தேடித் தேடிச் சுத்திட்டு, கடைசியில கரண்டுக் கம்பியில உக்காந்து நெழலையே மொறைச்சுக்கிட்டு இருக்கும்.

ஒருத்தருக்குத்தான் பிடிக்கல, எதுத்த வீட்டுப் பால்வண்ணம் அண்ணாச்சிக்கு. அவரு பெண்சாதி கூழ்வத்தல் போடுறவுக, நாலு ஊருக்குப் போகும் அந்த வத்தலு. காலையில நெழலு அவுக மாடியிலதான் விழும், வத்தலு காய மாட்டேங்கும். அண்ணாச்சி நகராட்சி ஆபீசுக்கு மனு எழுதிக் குடுத்தாரு. “மரம் எவ்வளவு ஒசரம்?”னு கேட்டாக. “ஒன்னேகால் அடி”ன்னாரு. “நெழலு?” “எழுபது அடி இருக்கும்.” அந்த ஆபீசரு பேனாவ மூடி வச்சுட்டு, “மரத்த வெட்டுறதுக்கு வழி இருக்கு அண்ணாச்சி, நெழல வெட்டுறதுக்கு எந்தப் பாரத்துல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல, நீங்களே சொல்லுங்க”ன்னு காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு.

இனி தங்கபுஷ்பத்துக்கு வருவோம். அவளுக்கு அம்பத்தி நாலு வயசு. டெலிபோன் ஆபீசுல இருபது வருசம் காதுல கருவிய மாட்டிக்கிட்டு, “லைன்ல இருங்க, குடுக்குறேன்”னு மத்தவுகளுக்கு லைன் போட்டுக் குடுத்தவ. கோவில்பட்டியில பாதிப் பேருக்கு அவ குரலு தெரியும், மொகம் தெரியாது. பிள்ளை பிறந்ததும் அவ போட்ட லைன்லதான் போயிருக்கு, ஆளு போனதும் அவ போட்ட லைன்லதான் வந்திருக்கு. சண்டக்காரக ரெண்டு பேருல ஒருத்தரு போன வச்சுட்டா, மத்தவரு அழுது முடிக்கிற வரைக்கும் லைன வெட்டாம இருந்தவ அவ. கல்யாணம் காச்சின்னு எதுவும் அவளுக்குத் தெகையல. அந்த ஆபீச மூடுன அன்னைக்குச் செவுத்து வெடிப்புல வெரலு நீளத்துக்கு ஒரு ஆலங்கன்னு மொளைச்சிருந்துச்சு, காக்கா போட்ட வெத. எல்லாரும் நாற்காலியும் மேசையும் எடுத்துக்கிட்டுப் போனாக, அவ அந்தக் கன்னையும் ஒரு சுருள் செம்புக் கம்பியையும் எடுத்துக்கிட்டு வந்தா.

வேளாண் காலேஜுல ஒருநா வகுப்பு நடத்துனாக, போன்சாய் வளக்குறதுக்கு. போயி எழுதிக்கிட்டு வந்தா. டெலிபோன் கம்பியச் சுத்திச் சுத்தித்தான் கெளைகள வளைச்சா. பன்னெண்டு வருசம். எந்தக் கெளை எப்பத் தளுக்கும், எந்த எல என்னைக்கு விழும்னு பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி அவளுக்குத் தெரியும். ஆனா ஒன்னு, அத்தன சனம் உக்காந்த அந்த நெழல்ல அவ ஒருநா கூட உக்காந்ததில்ல. மாடியில இருந்தே பாப்பா. காய்கறிக்குக் கீழ எறங்குனா விறுவிறுன்னு போவா, விறுவிறுன்னு வருவா. இருபது வருசம் மறைஞ்சு இருந்து பேசுனவளுக்குக் கூட்டத்துல உக்காரத் தெரியல.

கெட்ட நேரம் ஒரு கடுதாசியா வந்துச்சு. தூத்துக்குடியில மலர்க் கண்காட்சி, குட்டை மரத்துக்குத் தனிப் பரிசு, பளபளன்னு இருக்குற ஆழமில்லாத பீங்கான் தட்டுலதான் மரத்த வச்சுக் கொண்டுவரணும். படிச்சு முடிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து படிச்சா. மேடையில ஏறி, தன் பேரச் சொல்லி, தன் மொகத்தப் பாத்துக் கைதட்டுவாக. அந்த ஆசை தப்பா? ரெண்டு வெரலு ஆழத்துல ஒரு நீலத் தட்டு வாங்கிட்டு வந்தா. வகுப்புல எழுதுன நோட்டுல தெளிவா இருந்துச்சு, ‘தட்டு மாத்துறத மழை விழுந்த பெறகு செய்யணும், வேருல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது’ன்னு. அப்பச் சித்திரை இருபது. நீலத் தட்டு ரெண்டு வெரலு ஆழம். அவ நோட்ட மூடி வச்சுட்டு மூணுல ரெண்டு பங்க வெட்டிட்டா.

ஒரு வாரத்துல எல பழுத்துச்சு. கீழ நெழல்ல பழைய பனியன் மாதிரி ஓட்டை விழுந்துச்சு. மொத ஓட்டை சரியா இசக்கிமுத்து உச்சந்தலைக்கு மேல.

“தங்கச்சி!” கீழ இருந்து கூப்பிட்டாரு. “மரத்துக்கு என்ன? என் மண்டையில வெயிலு அடிக்குதே!”

“வெயிலு ஒத்துக்கல அண்ணே, சரியாப்போயிரும்,” மாடியில இருந்து சொன்னா. பொய். இருபது வருசம் ஊரு ரகசியத்த எல்லாம் காதுல வாங்கியும் ஒரு பொய் சொல்லாதவ சொன்ன மொதப் பொய் அதுதான்.

மரத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரு முழுக்கப் பேச்சு. ஒடம்பு சரியில்லாதவுகளப் பாக்கப் போனா யாராவது வெறுங்கையோட போவாகளா? பேச்சித்தாயி ஒரு சொம்பு நுங்குத் தண்ணி கொண்டாந்து தட்டுல ஊத்துனா. இசக்கிமுத்து பெண்சாதி நீராகாரம் கொண்டாந்தாக, உப்புப் போடாம, ஒரு வெங்காயம் மட்டும் தட்டிப் போட்டு. ஒரு ஆட்டோக்காரரு திருச்செந்தூரு நாழிக்கிணத்துத் தண்ணி, இன்னொருத்தரு பள்ளிவாசல்ல ஓதி வாங்குன தண்ணி, கோயில் தெரு ரோசம்மா மாதா கெபியில வச்சு எடுத்த தண்ணி. ஒரு பாட்டையா கருப்பட்டியக் கரைச்சுக் கொண்டாந்தாரு, மரத்துக்குத் தெம்பு வேணும்லா. பால்வண்ணம் அண்ணாச்சி வரல, ஆனா அவுக வீட்டம்மா ஒரு டம்ளரு மோரக் கொண்டாந்து, “அவுககிட்டச் சொல்லீராதீக மதினி”ன்னு ஊத்திட்டுப் போனாக.

ஊத்தாதீகன்னு சொல்லணும். வெட்டுன வேரு தண்ணி குடிக்காது, தண்ணி நின்னா அழுகிரும், தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். ஆனா ஆசையாக் கொண்டு வந்தத வாசல்ல வச்சு வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுறது? சொன்னா ‘ஏன்’னு கேப்பாக, கேட்டா வெட்டுனதச் சொல்லணும். அதனால ஒவ்வொருத்தருக்கும் சிரிச்சுக்கிட்டே கதவத் தொறந்து விட்டா, ஒவ்வொரு சொம்பு கவுறும்போதும் பல்லக் கடிச்சுக்கிட்டா.

வைகாசி பொறந்தப்ப எல அறுபது, அப்புறம் இருபது, அப்புறம் நாலு. கடைசியா ஒன்னே ஒன்னு நின்னுச்சு. கீழ தெருவுல அந்த ஒத்த எல நெழலு ஒரு கட்டிலு அகலத்துக்கு விழுந்துச்சு. வேனு வேற தெருவுக்குப் போயிருச்சு, ஆட்டோ போயிருச்சு, இசக்கிமுத்து தலையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு வெயில்லயே நின்னாரு. அந்த ஒத்த எல நெழல்ல யாரு உக்காருறதுன்னு சண்டை வரும்னுதான் யாரும் நெனைப்பாக. வரல. பேச்சித்தாயி மக அழகம்மைக்கு ஒம்பது மாசம், ஆத்தாகூட நுங்குக் கூடைக்குப் பக்கத்துல இருக்கிறவ, அவளுக்கு விட்டுட்டாக. எல நகர நகர, அவ உக்காந்த முக்காலிய நகத்திவிட ரெண்டு பேரு.

அன்னைக்கும் பேச்சித்தாயி சொம்போட மாடி ஏறி வந்தா. தங்கபுஷ்பம் படியில குறுக்க நின்னா.

“ஊத்தாத பேச்சி.”

“என்னக்கா, நல்ல பதநிதான், சுண்ணாம்பு கூட அளவாத்தான் போட்டிருக்கு.”

“ஊத்தாதங்கேன்ல!”

அந்தச் சத்தத்துல கீழ இசக்கிமுத்து பெட்டிய வச்சுட்டு ஏறி வந்தாரு, பின்னாடியே நாலு பேரு. தங்கபுஷ்பம் யாரு மொகத்தையும் பாக்கல, தட்டையே பாத்துக்கிட்டுச் சொன்னா. “வெயிலு இல்ல. நாந்தான். பரிசுக்கு ஆசப்பட்டு அகாலத்துல வேர வெட்டிட்டேன். நீங்க ஊத்துறதுல மிச்சமும் அழுகுது. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயி வரல.”

கீழ ஒரு சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போச்சு.

பேச்சித்தாயி சொம்பக் கீழ வச்சா. “பரிசு வேணும்னா எங்ககிட்டச் சொல்லப்படாதாக்கா? எம் மக ஓட்டப் பந்தயத்துல வாங்குன கப்பு வீட்டுல சும்மாதான கெடக்கு. எடுத்தாந்து குடுத்துருப்பேன்லா.”

“ஏய் பேச்சி, அவுகளே நொந்து போயிருக்காக,” இசக்கிமுத்து அதட்டுனாரு.

“நெசமாத்தான் சொல்றேன், கிண்டலா பண்ணுறேன்?”

தங்கபுஷ்பத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்னா வந்துச்சு. மூக்கத் தொடச்சுக்கிட்டு நீலத் தட்ட எடுத்துக் கவுத்தா. சாக்கட நாத்தம். மோரும் கருப்பட்டியும் நீராகாரமும் புளிச்சு, வேரு கறுத்துக் கொழகொழன்னு ஆகியிருந்துச்சு. தண்ணியில அலசி, கத்திரிய அடுப்புல காட்டி, அழுகுனதப் பூரா வெட்டி எடுத்தா. மிச்சம் எட்டே எட்டு வேரு, தேங்கா நாரு கனம். “எட்டு இருக்கு,” அப்பிடின்னா. “எட்டு இருக்கா,” அப்பிடின்னு பின்னாடி நின்னவுக சொன்னாக, கோயில்ல சொல்லுற மாதிரி.

பழைய மண்தட்டையே திரும்ப எடுத்தா. செங்கல்ல ஒடச்சுச் சலிச்சாக, ஆத்து மணலு வந்துச்சு, இசக்கிமுத்து தன் இஸ்திரிக் கரிய உள்ளங்கையில வச்சு நுணுக்கிக் குடுத்தாரு, கரி போட்டா வேரு அழுகாது. மரம் ஆடுனா புது வேரு அறுந்துரும்னு செம்புக் கம்பியாலயே தட்டோட சேத்துக் கட்டுனா. இஸ்திரிக்கு வந்த பட்டுச்சேலை ஒன்னோட கண்ணாடிக் கவர எடுத்து மரத்து மேல குல்லா மாதிரிப் போட்டா, உள்ள ஈரக்காத்து நிக்கிறதுக்கு. மண்ணுல ஒரு ஈக்குச்சியச் செருகி வச்சா. குச்சிய உருவிப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் தண்ணி. “யாரும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. தீர்த்தமா இருந்தாலும்.”

“சரி, வேற என்ன செய்யணும்?”

“நெழல்ல வைக்கணும்,” அப்பிடின்னா, சொன்ன பெறகுதான் என்ன சொன்னோம்னு அவளுக்கே ஒறைச்சுச்சு.

வீட்டுக்குள்ள வச்சா இருட்டு, அந்த ஒத்த எல ஒரே நாள்ல வாடுச்சு. தகரத்துக்குக் கீழ வச்சா சூடு எறங்குது. பச்ச வலை கட்டுனாக, மேக்க இருந்து அடிச்ச காத்து அதப் பிச்சுக்கிட்டு இலுப்பையூரணிப் பக்கம் போட்டுருச்சு. நல்ல வெளிச்சம் வேணும், வெயிலு படக்கூடாது, காத்து வேணும், தட்டு ஆடக்கூடாது. அப்பிடி ஒரு எடம் அந்தத் தெருவுல ஒன்னே ஒன்னுதான் இருந்துச்சு, அதுவும் அந்த மரத்துக்குக் கீழதான்.

அதனால ஆளுக நின்னாக. அவ்வளவுதான் செஞ்சாக. வெயிலுக்கு முதுகக் குடுத்து, மரத்துக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு மணி நேரம். காலையில ஆட்டோக்காரக, பெறகு இசக்கிமுத்து பெண்சாதி, நடுவுல பேச்சித்தாயி, சாயங்காலம் ரோசம்மா. நிக்கிறவுக நெழலு கவரு மேல சரியா விழுதான்னு குனிஞ்சு பாத்துக்கிடுவாக. ஒல்லியா இருந்தவுகளுக்கு மதிப்பில்ல, குண்டா இருந்த ரோசம்மாவுக்குத்தான் மரியாத. “நீ ஒருத்தி நின்னா ரெண்டு பேரு நின்ன மாதிரி”ன்னு சொல்லுவாக, அவளும் சேலைய விரிச்சு இன்னும் கொஞ்சம் அகலமா நிப்பா.

அடிக்கிற உச்சி வெயில்ல நிக்க ஒருத்தரு வேணும்னப்ப, பால்வண்ணம் அண்ணாச்சி கறுப்புக் குடையோட படி ஏறி வந்தாரு. எல்லாரும் அவரையே பாத்தாக.

“என்ன பாக்கிக?”

“ஒங்க வத்தலு நல்லாக் காயுமே அண்ணாச்சி இப்ப,” பேச்சித்தாயி வம்புக்கிழுத்தா.

“காயுது. ரெண்டு நாளுல காயுது. வத்தலக் காயப்போட்டுட்டு நான் எங்க போயி உக்காருறது?” கொடைய விரிச்சு நின்னாரு. அன்னையிலயிருந்து உச்சிப் பொழுது அவருக்குன்னு ஆச்சு.

ஒம்பதாம் நாளு அந்த ஒத்த எலையும் விழுந்துச்சு. தெருவுல ஒரு வெரக்கட நெழலு கூட இல்ல. அன்னைக்குத்தான் அழகம்மைக்கு வலி எடுத்து, ஆஸ்பத்திரியில ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு. பேச்சித்தாயி தெருவுல எல்லாருக்கும் சீனியக் குடுத்துட்டு, கையக் கழுவிட்டு, தன் நேரத்துக்கு வந்து நின்னா. ஒரு குச்சிக்கு முன்னாடி நின்னா. எல்லாரும் நின்னாக. ஒரு வெளியூருக்காரரு கேட்டாரு, “செத்த மரத்துக்கு எதுக்கய்யா கொட பிடிக்கீக?” பால்வண்ணம் அண்ணாச்சி சொன்னாரு, “செத்துருச்சுன்னு அது இன்னும் எங்ககிட்டச் சொல்லல.”

வாரத்துல ஒருநா தங்கபுஷ்பம் நகத்தால பட்டையில கடுகளவு சொரண்டிப் பாப்பா. பச்சையா இருந்தா உசுரு. எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. “பச்சை,” அப்பிடின்னா. அடுத்த வாரம், “பச்சைதான், கொஞ்சம் மங்குது.” மூணாவது வாரம் ஒன்னுமே சொல்லாம விரல எடுத்துக்கிட்டா. யாரும் கேக்கல. மறுநாளும் நேரத்துக்கு வந்தாக.

ஆனி பொறந்து அஞ்சாம் நாளு, சாயங்கால முறைக்கு நின்ன ரோசம்மா, “மதினி, இங்க ஒரு எறும்பு நிக்கி, போகமாட்டேங்குது”ன்னா. தங்கபுஷ்பம் கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சா. எறும்பில்ல. கெளை நுனியில குங்குமத்தத் தொட்டு வச்ச மாதிரி ஒரு மொட்டு. அதுக்குப் பக்கத்துல இன்னொன்னு. ரோசம்மாதான் கைப்பிடிச் செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத் தெரு முழுக்கக் கேக்குற மாதிரிக் கத்துனா, “தளுத்துருச்சூ!” இசக்கிமுத்து ஓடிவந்ததுல, ஒரு வக்கீலு சட்டையில பெட்டி தங்கி, முதுகுல ஓட்டை விழுந்துச்சு. வக்கீலு ஒன்னும் சொல்லல, அவரும் ரெண்டு நாளு நின்னவருதான்.

பொறுமையாத்தான் வந்துச்சு. கவர ஒரே நாள்ல எடுக்கல, இன்னைக்கு ஒரு ஓட்டை, நாளைக்கு ஒரு ஓட்டைன்னு போட்டுப் பழக்குனா. உரம் போடல. மழையும் விழுந்துச்சு. ஆடியில நெழலு தெருவுல எறங்குச்சு, மொதல்ல சல்லடை மாதிரி, அப்புறம் சாக்கு மாதிரி, அப்புறம் பழையபடிக்கு. இல்ல, பழையபடி இல்ல. கவருக்குள்ள அத்தன நாளு ஈரக்காத்து நின்னதுல, கெளையில இருந்து மயிரு கனத்துக்கு விழுது விட்டிருந்துச்சு. பன்னெண்டு வருசத்துல விடாத விழுது. கீழ தெருவுல அதோட நெழலு தொடைக் கனத்துக்கு எறங்கி நின்னுச்சு, இசக்கிமுத்து வண்டிக்குப் பக்கத்துல ஒன்னு, நுங்குக் கூடைக்கு அந்தப்பக்கம் ஒன்னு, பால்வண்ணம் அண்ணாச்சி வீட்டுச் செவுத்துல பெருசா ஒன்னு.

தூத்துக்குடிக் கண்காட்சி எப்பவோ முடிஞ்சு போச்சு. நீலத் தட்ட இசக்கிமுத்து கேட்டு வாங்கிக்கிட்டாரு, துணிக்குத் தண்ணி தெளிக்க அளவா இருக்குன்னு.

ஒருநா காலையில ஒம்பது மணி இருக்கும், நெழலு எதுத்த செவுத்துல நல்லா விழுந்து கெடந்துச்சு. அழகம்மை பிள்ளையத் தூக்கிக்கிட்டு மொத மொதல்ல வெளிய வந்திருந்தா. பேச்சித்தாயி அண்ணாந்து கத்துனா, “யக்கா! கீழ வாங்க!”

“எதுக்கு?”

“எதுக்கா? ஒக்காரத்தான்!”

“எனக்கு வேலை கெடக்கு பேச்சி.”

“லைன்ல இருங்க, குடுக்குறேன்னு எங்க எல்லாரையும் காக்க வச்சீகல்லா? இப்ப நாங்க லைன்ல இருக்கோம். எறங்குங்க!”

தெருவே சிரிச்சுச்சு. சிரிப்பு அடங்குறதுக்குள்ள அவ எறங்கி வந்துட்டா. முக்காலியப் போட்டாக. பால்வண்ணம் அண்ணாச்சி வீட்டுச் செவுத்து ஓரமா, விழுது எறங்குன எடத்துல உக்காந்தா. பிள்ளைய மடியில வச்சாக, நுங்கச் சீவிக் கையில குடுத்தாக. எல்லாரும் அவ மொகத்தையே பாத்தாக, அவ எங்க பாக்குறதுன்னு தெரியாம அண்ணாந்தா. அத்தன ஒசரத்துல, கைப்பிடிச் செவுத்து மேல, சாண் அகலத் தட்டுல அவ மரம், கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம இருந்துச்சு.

பன்னெண்டு வருசத்து அசதியில அப்பிடியே பின்னாடி சாஞ்சா. முதுகுல பட்டது சிமிட்டிச் செவுரு இல்ல. சொரசொரன்னு, குளுகுளுன்னு, ஒரு பட்டை.

ஒருக்களிச்சு நல்லாச் சாஞ்சு பாத்தா. தாங்குச்சு.